பதின்மூன்றாவது சிலிண்டர்

அக்கா எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். டீ கிளாஸ், ஸ்கூட்டர் சீட், இட்லிப் பானை, காய்ச்சல் என்று லீவு கேட்டு வருகிறவன் நெற்றி, எல்லாவற்றுக்கும் அதே புறங்கைதான். இரண்டு விநாடி வைப்பார், எடுப்பார், அதற்கப்புறம்தான் பேச்சு. ஒருமுறை நான் புது மொபைல் வாங்கிப் பெருமையாக நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை, தொட்டார். "சூடாகுதே தம்பி, கடைக்காரன்கிட்ட மாத்திக் கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் பாட்டரி உப்பி, பின்மூடி தானாகக் கழன்று சட்டைப் பைக்குள் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் புறங்கையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

பெயரை எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. அதோடு அந்தக் கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எனக்கும் மற்ற தமிழ் ஆட்களுக்கும் அக்கா, படகு ஓட்டும் வங்காளிக்கு தீதி, முதலாளிக்கு 'ஏம்மா'. பதிலுக்கு அவர் முதலாளியை 'தொரை' என்பார். முதலாளி அதில் குளிர்ந்து போவார். அக்கா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த வீட்டில் துரை என்ற சொல்லோடு எப்போதும் வேறு சில சொற்களும் சேர்ந்தே வரும். அவற்றை இங்கே எழுத முடியாது. முதலாளிக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

கடை போர்ட் பிளேரில், ஜங்லிகாட் சந்தடிக்குள் இருந்தது. மெயின்லாண்டிலிருந்து வருகிறவர்களைக் கடலுக்குள் இறக்கி மீனும் பவளமும் காட்டிக் கூட்டிவருவது எங்கள் தொழில். நான் மேனேஜர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. உண்மையில் போன் எடுப்பேன், "யெஸ் சார், நோ சார், ஃபிஷ் கடிக்காது சார்" என்பேன். அக்காவின் வேலை பின்கட்டு அறையில். அங்கே ஒரு கம்ப்ரசர் இருந்தது. கூரைக்கு மேலே நீட்டிய குழாய் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சி, முதுகில் மாட்டும் சிலிண்டருக்குள் இருநூறு பார் வரைக்கும் திணிக்கும். நாம் மூச்சு விடுகிற காற்று ஒரு பார் என்றால், சிலிண்டருக்குள் அதே அளவு இடத்தில் இருநூறு மடங்கு காற்று. அந்த அறைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன அறை. அக்கா குடியிருந்தது அதில்தான். வேலையோடு சேர்த்துக் கிடைத்த வீடு அது.

இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். படகுக்காரரிடம், கண்காட்சியில் பலூன்காரனிடம் வேலை பார்த்தேன் என்றார். முதலாளியிடம், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டினேன் என்றார். என்னிடம், குக்கர் வெடித்து ஞானம் வந்தது என்று கையடித்துச் சொன்னார். மூன்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம், மூன்றும் பொய்யாகவும் இருக்கலாம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் PV = nRT என்ற வாயு விதியை மனப்பாடம் செய்து பரீட்சைத்தாளில் கக்கிவிட்டு வந்தவன். அக்கா அதை ரங்கத் ஊருக்குப் போகிற நெரிசல் பஸ்ஸை வைத்துச் சொன்னார். பஸ்ஸுக்குள் எத்தனை பேர் நெருங்கி நிற்கிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் எவ்வளவு சூடாக இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் கண்டக்டர் விலா எலும்பில் விழுகிற இடி. அதுதான் அழுத்தம்.

"அப்ப அந்த R-னு ஒண்ணு வருமே அக்கா?"

"அது கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி தம்பி. யாரு வந்தாலும் போனாலும் மாறாது. அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அக்காவின் குணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதுதான்: முள்ளை நம்பமாட்டார். சிலிண்டரின் கேஜில் முள் இருநூறைக் காட்டினாலும் வெளியே தரமாட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆறவிடுவார். புறங்கை வைப்பார், மறுபடி கொஞ்சம் நிரப்புவார், மறுபடி ஆறவிடுவார். படகு ஹாரன் அடிக்கும், வாடிக்கையாளர் வாட்சைப் பார்ப்பார், முதலாளி "ஜல்தி, ஜல்தி" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன சமயம் ஆறு சிலிண்டரைச் சுடச்சுடத் தூக்கி ஆட்டோவில் போட்டு சிடியாடாப்பு கடற்கரைக்கு அனுப்பிவிட்டேன். முள் இருநூறில் நின்றதை என் கண்ணால் பார்த்துத்தான் அனுப்பினேன். மத்தியானம் பெங்களூர்க்காரர் ஒருவர் ஈரத்தலையோடு வந்து மேசையைத் தட்டினார். கடலில் இறங்கியதும் முள் நூற்றெழுபத்தெட்டைக் காட்டியதாம். இருபத்திரண்டு பார் காற்றைத் திருடிவிட்டோமாம். நான் பின்கட்டுக்கு ஓடினேன். அக்கா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறிவிட்டது.

யாரும் திருடவில்லை என்றார். பஸ்ஸில் இருந்து ஒருத்தரும் இறங்கவில்லை, நெரிசலும் குறையவில்லை. சூடு மட்டும் தணிந்தது, அதனால் இடி குறைந்தது. நிரப்பும்போது அறுபத்தைந்து டிகிரி, கடலில் இருபத்தெட்டு. அப்படியென்றால் பாதிக்கும் கீழே அல்லவா விழுந்திருக்கவேண்டும் என்று நான் என் புத்தியைக் காட்டினேன். அக்கா சாக்பீஸை எடுத்துச் சுவரில் பெரிதாக 273 என்று எழுதினார். நாம் சொல்கிற டிகிரி பொய்க் கணக்காம். இதைச் சேர்த்தால்தான் உண்மையான சூடு வருமாம். சேர்த்துப் பெருக்கி வகுத்துப் பார்த்தேன். நூற்றெழுபத்தெட்டு. இன்னொரு முறை வகுத்துப் பார்த்தேன், அதேதான்.

அந்த 273 சுவரிலேயே இருந்தது. முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டார். "நல்ல நம்பர் தொரை. இதைச் சேத்துக்கிட்டாத்தான் எதுவும் சரியா வரும்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். முதலாளிக்கு வாஸ்து, நாள், நட்சத்திரம், எண் எல்லாம் உயிர். மறுவாரம் வாங்கிய ஸ்கூட்டருக்கு 273 வரும்படி அலைந்து நம்பர் வாங்கினார். அக்கா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த மனுஷி நம்மையும் எங்கெங்கே இப்படி நம்ப வைத்திருக்கிறாரோ என்று.

ஆனால் பெங்களூர்க்காரர் விவகாரத்தில் முதலாளி அக்காவின் பக்கம் நிற்கவில்லை. சூடான சிலிண்டரை அனுப்பியது நான் என்று தெரிந்தும், "அவ ஆமை மாதிரி வேலை பாக்குறதாலதானே நீ அவசரப்பட்டே" என்று முடித்துவிட்டார். இன்னொரு படகு அவரால் தாமதமானால் அன்றைக்கே அறையைக் காலி செய்யவேண்டும் என்று என்னை விட்டே சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு, "ரங்கத்துல தங்கச்சி வீடு இருக்கு. ஆனா அங்க எட்டுப் பேரு. நெரிசல் ஜாஸ்தி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று மாலை ஆணியில் ஒரு துணிப்பை புதிதாகத் தொங்கியதைப் பார்த்தேன். அதற்குள் இரண்டு புடவையை மடித்து வைத்திருந்தார்.

அதற்கப்புறமும் ஆறவைப்பதை விடவில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து நிரப்ப ஆரம்பித்தார், அவ்வளவுதான். குறும்பும் குறையவில்லை. அலட்டிக்கொள்கிற வாடிக்கையாளர் யாராவது வந்தால் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக் கையில் கொடுப்பார். "இதுல ஒரு லிட்டர் காத்து இருக்குங்க. கீழ கொண்டுபோயி பத்திரமா கொண்டாந்து குடுங்க." முப்பது மீட்டர் ஆழத்தில் பாட்டில் நசுங்கிச் சப்பையாகிவிடும். மேலே வரவர உப்பி, பழையபடி ஆகிவிடும். கீழே போன மனிதர் பேயறைந்த மாதிரி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படகேறுவார். அந்த ஒரு லிட்டர் கீழே கால் லிட்டர் இடத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தது என்று அக்கா விளக்குவார். நான்கு மடங்கு நெரிசல். "நீங்க அங்க இழுக்கற ஒரு மூச்சுல மேல உள்ள நாலு மூச்சு இருக்குங்க. பாத்து இழுங்க."

அதனால்தான் கம்ப்ரசர் ஓடும்போது பின்கட்டில் ஊதுபத்தி கூடாது, கருவாடு சுடக்கூடாது, செண்ட் போட்டுக்கொண்டு யாரும் வரக்கூடாது. காற்றுக்குழாய்க்குப் பக்கத்தில் ஒருமுறை பீடி பற்றவைத்த படகுக்காரரை அக்கா வாளித் தண்ணீரோடு துரத்தியதை ஜங்லிகாட்டே பார்த்தது. தினமும் காலையில் நிரப்பிய சிலிண்டரில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுப்பார். ருசி பார்ப்பது என்று அதற்குப் பெயர். பந்திக்கு முன்னால் உப்புப் பார்க்கிற சமையல்காரர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அடிக்கடி கரண்ட் போகிறது என்று முதலாளி ஒரு டீசல் ஜென்செட் வாங்கினார். அதை முன்பக்கம், என் மேசைக்கு நாலடி தள்ளி இறக்கினார்கள். அது ஓடினால் போனில் ஒரு சொல் கேட்காது. "ஃபிஷ் கடிக்காது சார்" என்பதை மூன்று முறை கத்தவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரம், இரண்டு ஆட்களை வைத்து அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்சுவர் ஓரமாக நிறுத்தினேன். காற்றுக்குழாய் கூரைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, ஜென்செட் தரையில் இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அக்கா மறுநாள் அதைப் பார்த்துவிட்டு, யார் நகர்த்தியது என்று கேட்டார். யாரோ என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரம் முழுக்கக் கரண்ட் போகவில்லை, காற்றும் வேறு திசையில் அடித்தது. பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த வாரம் மும்பையிலிருந்து ஒரு டிராவல் ஏஜெண்ட் வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் சீசன் முழுக்க ஆட்களை எங்கள் கடைக்கே அனுப்புவார். முதலாளியே கூட இறங்குவதாக ஏற்பாடு. அவர்களை முப்பது மீட்டருக்கு அழைத்துப்போக வேண்டிய கைடு என் மச்சான், என் மனைவியின் தம்பி. மொத்தம் பன்னிரண்டு சிலிண்டர். அக்கா எப்போதும் போலக் கணக்குக்கு மேலே ஒன்று சேர்த்துப் பதின்மூன்றாக விடியற்காலையில் நிரப்பினார். ஆறவைத்த பதின்மூன்றையும் மறுபடி நிரப்புகிற நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. ஜென்செட் ஓடியிருக்கிறது, இருட்டில் புகை போன திசை தெரியவில்லை.

எட்டு மணிக்கு ருசி பார்த்தார். கண்ணைத் திறந்தார். இன்னொன்றில் பார்த்தார். பதின்மூன்றிலும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். நான் காலையிலேயே ஜர்தா பான் போட்டிருந்தேன். பானைத் தவிர வேறு ருசி எனக்குத் தெரியவில்லை. முதலாளி இழுத்தார், ஒன்றுமில்லையே என்றார். ஏஜெண்டும் ஆசைக்கு ஒரு மூச்சு இழுத்து, ஃபர்ஸ்ட் க்ளாஸ் என்றார். வாயுவைச் சோதிக்கிற மீட்டர் ரிப்பேருக்காகக் கப்பலேறி மெயின்லாண்ட் போயிருந்தது. அக்காவின் மூக்கு ஒன்றுதான் சாட்சி. டீசல் புகை, லேசாக இருக்கிறது என்றார்.

"நாங்க எல்லாரும் இழுத்தோம், செத்தா போயிட்டோம்?" என்றார் முதலாளி. "இருந்தாலும் ஒரு பர்சென்ட்கூட இருக்காது. மேல இருந்தாலும் கீழ போனாலும் அதே பர்சென்ட்தானே?"

"பர்சென்ட் மாறாது தொரை. ஒரு மூச்சுல எத்தனை பேரு உள்ள போறாங்கிறது மாறுமே. இங்க ஒரு வெஷக்காரன் போனா அங்க நாலு பேரு போவான். இங்க தலைவலி. அங்க மயக்கம். தண்ணிக்குள்ள மயக்கம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஏஜெண்டின் முன்னால் விஷம் என்ற சொல் விழுந்துவிட்டதே. படகு ஒன்பது மணிக்குக் கிளம்பவேண்டும், கிளம்பும், இல்லையென்றால் என்ன நடக்கும் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றார். மச்சான் சிலிண்டரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஜென்செட் நின்ற திசைக்கே திரும்பவில்லை.

அக்கா சட்டென்று சாந்தமாகிவிட்டார். சரி தொரை என்றார். உட்காருங்கள், டீ போட்டுத் தருகிறேன் என்றார். போட்டும் கொடுத்தார், இஞ்சி தட்டி. படகு வந்துவிட்டதா என்று பார்த்து வரச்சொல்லி என்னைப் படகுத்துறைக்கு அனுப்பினார். நான் நூறடி போயிருப்பேன். பின்னாலிருந்து ஓர் இரைச்சல். ஆயிரம் பாம்பு ஒரே நேரத்தில் சீறினால் எப்படி இருக்கும், அப்படி. ஓடிவந்தேன். முற்றத்தில் பன்னிரண்டு சிலிண்டரும் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டின் வால்வும் திறந்திருக்கிறது. முதலாளி டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி வாயை வாயைத் திறக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சந்தில் கூடிவிட்டார்கள்.

அழுத்தம் வேகமாக இறங்கினால் சூடும் இறங்கும். வால்வுகளின் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது. ஜங்லிகாட்டில், வியர்வை வழிகிற வெயிலில், பனி. அக்கா அதை விரலால் சுரண்டி எடுத்து ஏஜெண்டிடம் நீட்டினார்.

"அந்தமான்ல பனி பாத்திருக்கீங்களா சாப்? இன்னிக்கு மட்டுந்தான்."

ஏஜெண்ட் போனை எடுத்துப் படம் பிடித்தார். இரைச்சல் அடங்கியதும் படகுக்காரர் மெதுவாக, "ஹவா ஹீ தோ ஹை, மாலிக், ஔர் பர் தேங்கே" என்றார். காற்றுதானே, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று சமாதானம். முதலாளி சமாதானம் ஆகவில்லை. புகை எப்படி உள்ளே வந்தது, யார் செய்த தப்பு, அதைச் சொல் முதலில் என்று அக்காவிடம் கத்தினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "என் மூக்கு செஞ்ச தப்பு தொரை" என்றார்.

அங்கேயே அக்காவின் வேலை போயிற்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட பீஸ், வாடகை வீடு, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் வாயில் வந்து அடைத்துக்கொண்டன. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பயந்தாங்கொள்ளி என்றால் அன்றைக்கு நான்தான்.

அக்கா ஆணியிலிருந்து துணிப்பையை எடுத்தார். போகிற வழியில் என் முன்னால் நின்று நெற்றியில் புறங்கையை வைத்தார். இரண்டு விநாடி.

"ரொம்பச் சூடா இருக்கீங்க தம்பி. ஆறுன பொறவு எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்கலாம்."

அன்று மத்தியானம், மறுநாளுக்குத் தள்ளிப்போன டைவுக்காக நானே கம்ப்ரசரைப் போட்டேன். போட்ட பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. ஜென்செட் உறுமியது. வெளியே வந்து பார்த்தேன். புகை சுவரைத் தடவிக்கொண்டே ஏறியது, கூரை விளிம்பில் காற்று அதைத் திருப்பியது, குழாய் அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. இதற்குமேல் ஒருவன் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆள் பிடித்து ஜென்செட்டைப் பழைய இடத்துக்கே, என் மேசை ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தேன். குழாயை ஊதிச் சுத்தம் செய்து, வடிகட்டி மாற்றி, முதலிலிருந்து நிரப்பினேன். மச்சான் மறுநாள் இறங்கினான், சிரித்துக்கொண்டே ஏறினான். ஜென்செட் ஏன் முன்னால் வந்தது என்று முதலாளி கேட்டார். வாஸ்து என்றேன். சரி என்று போய்விட்டார்.

தொட்டிக்குள் பதின்மூன்றாவது சிலிண்டர் கிடந்தது. அதை அக்கா திறந்து விடவில்லை. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது, யாருக்கும் தரக்கூடாது என்பதற்கு அவர் வைக்கிற அடையாளம். முள் இருநூறில், ஆறிய இருநூறில், அசையாமல் நின்றது. பன்னிரண்டைத் திறந்தவருக்குப் பதின்மூன்றாவது மறந்துபோகுமா? மறந்துதான் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜென்செட் தினமும் என் காதுக்குள் உறுமியது. வீட்டில் சாப்பிடும்போது மச்சான் ஒருநாள், நம்ம கடை அக்கா காத்து விஷயத்துல பொய் சொல்வாங்களா மச்சான் என்று கேட்டான். குழம்பு காரம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

பதினோராம் நாள் கப்பலில் மீட்டர் திரும்பி வந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். நான் பின்கட்டுக்குப் போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்து, காற்றைத் துளி விட்டு மீட்டரைக் காட்டினேன். அது கத்திய கத்தலில் கையிலிருந்து நழுவப் பார்த்தது. மூக்கு சொன்னது சரி. என் மச்சான் முதுகில் அன்று ஏறவேண்டிய காற்று அது.

சாட்சி அது ஒன்றுதான். வால்வைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் சாட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினேன். திறந்தேன். சீறியது. முள் இறங்க ஆரம்பித்தது. வால்வில் மெல்லிசாகக் குளிர் ஏறி என் விரலைத் தொட்டது. அக்கா ஏஜெண்டிடம் பனியை நீட்டிய விரல் ஞாபகம் வந்தது, என்னைக் காட்டாத அந்த விரல். மூடினேன். அங்கேயே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சிலிண்டரையும் மீட்டரையும் முதலாளி மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அப்ப ஜென்செட்டை முன்னால கொண்டுவந்தது வாஸ்துவுக்கு இல்லையா?" என்றார். அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நானும்தானே அன்னிக்கு இறங்க இருந்தேன்" என்றார். போய்க் கூட்டி வா, அவள் வராவிட்டால் நீயும் வராதே என்றார்.

மறுநாள் அதிகாலை பஸ்ஸில் ரங்கத் போனேன். ஐம்பது பேர் இருக்கவேண்டிய இடத்தில் எழுபது பேர், வெயில் ஏற ஏற விலாவில் இடி. அக்காவின் தங்கை வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால். வாசலில் அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் ஆணி, ஆணியில் அதே துணிப்பை, மடித்த புடவை மடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தது. பதினொரு நாளாக அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு, பாதியில் அறுந்து போனது. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"ஆறிட்டீங்க" என்றார். "தொட்டியில ஒண்ணு வெச்சுட்டு வந்தேனே. அதைத் திறந்தீங்களா தம்பி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை நெற்றியிலேயே இருந்தது.

"கொஞ்சம் அக்கா."

"எவ்வளவு எறங்குச்சு?"

"இருபது பார்."

அக்கா கையை எடுத்தார். உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்து என் தோளில் மாட்டினார்.

"அப்ப உங்ககிட்ட நூத்தி எம்பது மிஞ்சியிருக்கு. போதும் தம்பி, ஒரு டைவுக்குத் தாங்கும். பஸ் எத்தனை மணிக்கு?"